டேன் ஹர்லி என்பிஏவுக்குப் போவாரா? ஒரு மாதத் தே தாரிக் பந்தயம், கொஞ்சம் உதவுங்கள்

செராய்_நைட்ஷிப்ட் (2025 ஜூலை)

வணக்கம். மலேசியா, பாடாங் செராயிலிருந்து எழுதுகிறேன். நம் பக்கம் பந்து என்றாலே காற்பந்துதான், நானும் தோட்டத்துத் திடலில் உருண்டு வளர்ந்தவன்தான், ஆனால் படிவம் மூன்று படிக்கும்போது டவுனில் சீனப்பள்ளிக் கோர்ட்டில் கூடைப்பந்து விளையாடப் போனேன், அந்தப் பைத்தியம் இன்னும் விடவில்லை. இப்போது குலிமில் ராத்திரி ஷிப்ட். வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தால் அமெரிக்காவில் அப்போதுதான் ராத்திரி ஆட்டம் ஓடும், எனக்கு அது ஒரு வசதி. 2024 ஏப்ரலில் கனெக்டிகட் பல்கலைக்கழகம் பர்டூவை 75-60 என்று அடித்து இரண்டாவது வருடமும் கல்லூரிக் கிண்ணம் தூக்கியதை ரொட்டி சானாய் ஆறிப்போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் என்னவென்றால், என்னோடு விளையாடும் சீன நண்பன் ஒருவன் இருக்கிறான். கனெக்டிகட் கோச் டேன் ஹர்லி ஒருநாள் என்பிஏவுக்கு, அதாவது அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்குக்கு, போயே தீருவார் என்கிறான். நான் போகமாட்டார் என்கிறேன். தோற்றவன் ஒரு மாதம் தே தாரிக் டீ வாங்கிக் கொடுக்க வேண்டும். போன மாதம் நியூயார்க் நிக்ஸ் தன் கோச்சை நீக்கிய அன்று எனக்கு ஒரே ஒரு வார்த்தையில் மெசேஜ் போட்டான்: "ஹர்லி". கடைசியில் அந்த வேலை மைக் பிரவுனுக்குப் போனது, ஆனால் இவன் அடங்கவில்லை.

என் கட்சி இதுதான். 2024 ஜூனில் என்பிஏவின் லேக்கர்ஸ் அணியே கூப்பிட்டது. 6 வருடம், 70 மில்லியன் டாலர். மனிதர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த மாதம் கனெக்டிகட்டிலேயே 6 வருடத்துக்கு 50 மில்லியனுக்குக் கையெழுத்துப் போட்டார். 20 மில்லியன் டாலர் குறைவு, நம் காசுக்கு 80 மில்லியன் வெள்ளிக்கு மேல். லேக்கர்ஸுக்கே போகாதவர் வேறு யாருக்குப் போவார்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நாளைக்கு ஒட்டுக்கடையில் அவன் வாயை அடைக்க வேண்டும்.

மூனு_பாயிண்ட்

தம்பி, லேக்கர்ஸை வேண்டாம் என்று சொன்னதில் ஹர்லி முதல் ஆள் இல்லை. 2004இல் டியூக்கின் கோச் கேயை, அதாவது மைக் கிரிஷெவ்ஸ்கியை, இதே லேக்கர்ஸ் 5 வருடம் 40 மில்லியன் என்று கூப்பிட்டது. போகவில்லை. 2022இல் ஓய்வு பெறும்வரை 42 பருவம் அதே டியூக்கில்தான் இருந்தார், 5 பட்டம். 2010இல் மிச்சிகன் ஸ்டேட்டின் டாம் இஸ்ஸோவை என்பிஏவின் கிளீவ்லண்ட் அணி கூப்பிட்டது, அவரும் போகவில்லை.

போனவர்கள் கதையைக் கேட்டால் ஏன் போகவில்லை என்று புரியும். ரிக் பிட்டினோ 1996இல் கென்டக்கிக்குக் கிண்ணம் வாங்கிக் கொடுத்துவிட்டு 1997இல் பாஸ்டன் செல்டிக்ஸுக்குப் போனார். புது ஆட்டக்காரர்களை அணிகளுக்குப் பிரிக்கும் குலுக்கலில் டிம் டங்கன் தங்களுக்கு விழுவான் என்று நம்பியிருந்தார்கள், அவன் சான் அன்டோனியோவுக்குப் போய்விட்டான். 102 வெற்றி, 146 தோல்வி, 2001 ஜனவரியில் விலகினார். ஜான் காலிப்பாரி என்பிஏவின் நெட்ஸ் அணியில் மூன்றாவது பருவத்தில் 3 வெற்றி, 17 தோல்வி என்று நின்றபோது வேலை போனது. இரண்டு பேரும் கல்லூரிக்குத் திரும்பி வந்து மறுபடி ராஜாவாக உட்கார்ந்தார்கள், அது வேறு கதை.

எல்லாவற்றையும் விட எனக்குப் பாவமாக இருந்தது ஜான் பெய்லைன்தான். மிச்சிகனில் 12 வருடம், இரண்டு முறை இறுதி ஆட்டம், நல்ல மனிதர் என்று பெயர். 66 வயதில் கிளீவ்லண்டுக்குப் போனார். வீடியோ போட்டு ஆட்டத்தை விளக்கும்போது ஆட்டக்காரர்களைப் பார்த்து 'ரவுடிகள்' என்று பொருள் வரும் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டார். சொல்ல வந்தது 'மந்தமானவர்கள்' என்ற பொருளுள்ள, கிட்டத்தட்ட அதே ஓசை கொண்ட இன்னொரு சொல், வாய் தவறிவிட்டது என்றார். யார் கேட்டார்கள்? 14-40, ஒரு பருவம்கூட முடிக்காமல் 2020 பிப்ரவரியில் வீட்டுக்குப் போனார்.

அப்புறம் ஹர்லியின் குணத்தையும் பார். 2023-24இல் அவர் அணி 37 வென்று 3தான் தோற்றது. அதே வருடம் என்பிஏவில் பட்டம் வாங்கிய செல்டிக்ஸ் வழக்கப் பருவத்தில் மட்டும் 18 தோற்றது. சாம்பியனே 18! 2024 நவம்பரில் மவுயி போட்டியில் வரிசையாக 3 தோற்றதற்கே இவர் நடுவரிடம் குதித்த குதி எல்லாருக்கும் தெரியும். 82 ஆட்டம் உள்ள ஒரு பருவத்தில் இந்த மனிதர் டிசம்பரைத் தாண்டுவாரா?

ரிட்டயர்_மண்டோர்

கூடைப்பந்து எனக்கு அவ்வளவாகத் தெரியாது, பேரன் பார்ப்பான், பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஆனால் ஆள் மேய்ப்பது எனக்குத் தெரியும்.

ரப்பர் தோட்டத்தில் 40 பேரை மேய்க்கும் மண்டோராக இருந்தேன். எல்லாம் லயத்துக் குடும்பங்கள். விடியற்காலைப் பிரட்டில் முகத்தைப் பார்த்தாலே யார் வீட்டில் ராத்திரி சண்டை, யாருக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடுவேன். திட்டினால் வாங்கிக்கொள்வார்கள், ஏனென்றால் சாயங்காலம் அவர்கள் பிள்ளைக்குக் காது குத்துக்கு நான் போய் உட்கார்ந்திருப்பேன். பிறகு வேறொரு பெரிய தோட்டத்தில் கூப்பிட்டார்கள், சம்பளம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பொண்டாட்டி வேண்டாம் என்றாள், நான் போனேன். அங்கே எல்லாம் கான்டிராக்ட் ஆள்கள். ஒரு வார்த்தை அதட்டிச் சொன்னால் என்னைப் பார்க்கமாட்டான், அவன் ஏஜெண்டுக்குப் போன் போடுவான். ஏஜெண்ட் ஆபீசுக்குப் போன் போடுவான். ஆபீஸ் என்னைக் கூப்பிடும். 8 மாதத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தேன்.

இந்த என்பிஏவிலும் அப்படித்தானாமே? பேரன் சொன்னான், ஆட்டக்காரனுக்குப் பெரும்பாலும் விளையாடினாலும் விளையாடாவிட்டாலும் சம்பளம் உறுதியாம், கோச்சை விட ஐந்து மடங்கு வாங்குகிறவனும் இருக்கிறானாம். அப்படியென்றால் பால் வரவில்லை என்றால் மரத்தையா சாய்ப்பார்கள்? சீவுகிறவனைத்தான் மாற்றுவார்கள். கல்லூரியில் கோச்தான் துரை. அங்கே போனால் மண்டோர். துரையாக இருந்தவன் சம்பளம் கூட என்று மண்டோர் வேலைக்குப் போவானா? நீ தைரியமாகப் பந்தயம் கட்டு தம்பி.

பீடோங்_டீச்சர்

மண்டோர் ஐயா சொன்னது அழகாக இருக்கிறது, ஆனால் அது பத்து வருடத்துக்கு முந்தைய கல்லூரி. நான் பள்ளியில் வலைப்பந்து அணியைப் பார்த்துக்கொள்கிறேன், கூடைப்பந்து வீட்டுக்காரரால் தொற்றியது.

ஐயா, இப்போது அங்கே கல்லூரியிலும் லயம் காலி. 2021லிருந்து மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். 2024லிருந்து எத்தனை முறை வேண்டுமானாலும் கல்லூரி மாறலாம், படிப்பு ஒழுங்காக இருந்தால் போதும், ஒரு வருடம் சும்மா உட்கார வேண்டிய தண்டனை கிடையாது. 2025 ஜூலை 1லிருந்து கல்லூரியே நேரடியாகச் சம்பளம் மாதிரிக் கொடுக்கலாம், ஒரு கல்லூரிக்கு எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து முதல் வருடத்தில் 20.5 மில்லியன் டாலர்வரை. ஆக ஐயா சொன்ன கான்டிராக்ட் ஆளும் ஏஜெண்டும் கல்லூரி வாசலுக்கே வந்தாயிற்று. மார்ச்சில் ஆட்டம் முடிந்த கையோடு பாதி அணி கிளம்பிப்போகும், ஏப்ரலில் கோச் புதுப் பிள்ளைகளைத் தேடி அலைய வேண்டும். 2019இல் விர்ஜீனியாவுக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்த டோனி பென்னட், 2024 அக்டோபரில் பருவம் தொடங்கச் சில வாரம் இருக்கும்போது, இந்தச் சூழலுக்கு நான் சரியான ஆள் இல்லை என்று சொல்லி விலகினார். 55 வயதுதான். மனிதரைக் குற்றம் சொல்லவே தோன்றவில்லை எனக்கு.

அப்புறம், மூனு பாயிண்ட் அண்ணன் தோற்றவர்களை மட்டும் வரிசைப்படுத்திவிட்டார். பிராட் ஸ்டீவன்ஸை ஏன் விட்டீர்கள்? பட்லர் என்ற சின்னப் பல்கலைக்கழகத்தை 2010, 2011 இரண்டு வருடமும் இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுபோனவர். 2013இல் 36 வயதில் செல்டிக்ஸுக்குப் போனார். முதல் வருடம் 25-57. அங்கே நிர்வாகம் பொறுத்தது, 8 பருவம் கோச்சாக இருந்தார், பிறகு அணியைக் கட்டும் பொறுப்புக்கு மேலே போனார், 2024 கிண்ணம் வாங்கிய செல்டிக்ஸ் அவர் சேர்த்த அணிதான். போன இடத்தில் பொறுமை இருந்தால் நிலைக்கலாம் என்பதுதான் நான் சொல்வது. நம் ஊரிலேயே பாருங்கள், காற்பந்துக் கோச் கே. ராஜகோபால் 2009இல் இளைஞர்களை வைத்து லாவோசில் சீ விளையாட்டுத் தங்கம் வாங்கினார், அடுத்த வருடம் அந்தப் பையன்களில் பலரையே தேசிய அணியில் வைத்துக்கொண்டு இந்தோனேசியாவை 4-2 என்ற மொத்தக் கணக்கில் அடித்து தென்கிழக்காசிய சுசுகி கிண்ணத்தையும் தூக்கினார். வளர்த்த பிள்ளைகளோடு மேலே போனால் கதையே வேறு. என்பிஏவில் அந்த வசதி கிடையாது, அதுதான் சிக்கல்.

செராய்_நைட்ஷிப்ட்

டீச்சர், நீங்கள் எந்தக் கட்சி? படித்துக்கொண்டு வந்தால் போவார் மாதிரியும் இருக்கிறது, போகமாட்டார் மாதிரியும் இருக்கிறது.

பீடோங்_டீச்சர்

போகமாட்டார் என்பதுதான் என் எண்ணமும், ஆனால் நீங்கள் எல்லாரும் சொன்ன காரணத்துக்காக இல்லை. கல்லூரி கசந்துபோனவர்களைப் பாருங்கள். வில்லனோவாவில் 2016, 2018 என்று இரண்டு பட்டம் வாங்கிய ஜே ரைட் 2022இல் விலகினார், டிவியில் உட்கார்ந்து பேசுகிறார். பென்னட் வீட்டுக்குப் போனார். கசந்தவர்கள் என்பிஏ கதவைத் தட்டவில்லை. ஹர்லி கனெக்டிகட்டை விடும் நாள் வந்தாலும் அவரும் அப்படித்தான் போவார் என்று படுகிறது.

இன்னொன்று, அவர் அப்பா. பாப் ஹர்லி, ஜெர்சி சிட்டியில் செயின்ட் ஆண்டனி என்ற சின்ன உயர்நிலைப்பள்ளிக்குக் கோச். சொந்தமாக விளையாட்டு அரங்கம்கூட இல்லாத பள்ளி. பகலில் நன்னடத்தை அதிகாரி வேலை, மாலையில் பந்து. 25 முறைக்கு மேல் மாநிலச் சாம்பியன், 2010இல் புகழ்மண்டபத்தில் சேர்த்தார்கள். அவ்வளவு செய்தும் அந்தப் பள்ளியைவிட்டுப் போகவில்லை. 2017இல் பணமும் மாணவர்களும் இல்லாமல் பள்ளியையே மூடிவிட்டார்கள். அதைப் படித்தபோது நம் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள்தான் ஞாபகம் வந்தது, ஜனங்கள் டவுனுக்குப் போனதும் 20 பிள்ளைகளோடு நிற்கும் பள்ளிகள். அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை டேன். அவரும் உயர்நிலைப்பள்ளியில்தான் பல வருடம் கோச்சாக இருந்தார்.

மூனு_பாயிண்ட்

டீச்சர், ஸ்டீவன்ஸை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பில்லி டோனவனை யாரும் சொல்லவில்லையே, தம்பி கேள்விக்கு அவர்தான் சரியான ஆள். புளோரிடா பல்கலைக்கழகத்துக்கு 2006, 2007 இரண்டு பட்டம். ஹர்லிக்கு முன்னால் வரிசையாக இரண்டு வாங்கிய கடைசி ஆள் அவர்தான். 2007இல் ஆர்லாண்டோ மேஜிக்கில் கையெழுத்துப் போட்டார், பேட்டியும் கொடுத்தார். ஓரிரு நாளில் மனசு மாறி, என்னை விட்டுவிடுங்கள் என்று கேட்டுத் திரும்பி வந்துவிட்டார்! கல்யாண மண்டபத்திலிருந்து மாப்பிள்ளை எழுந்து ஓடின மாதிரி. 5 வருடம் எந்த என்பிஏ அணிக்கும் போகமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார்.

ஆனால் 2015இல் போனாரே. ஓக்லஹோமா சிட்டி. முதல் வருடமே 55 வெற்றி, கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிரான ஏழு ஆட்டத் தொடரில் 3-1 என்று முன்னால் நின்று அதையும் விட்டார்கள், அந்தக் கோடையில் கெவின் டுராண்ட் அதே கோல்டன் ஸ்டேட்டுக்குப் போய்விட்டான். இருந்தாலும் மனிதர் தாக்குப்பிடித்து, 2020இல் சிகாகோ புல்ஸுக்குக் கோச்சாகப் போனார்.

செராய்_நைட்ஷிப்ட்

அண்ணே இது என் நண்பன் கண்ணில் படக்கூடாது. 8 வருடம் கழித்துப் போனாரா?

மூனு_பாயிண்ட்

8 வருடம்.

ரிட்டயர்_மண்டோர்

அது சரி, நீங்கள் பந்தயம் கட்டினீர்களே, கெடு எதுவரை வைத்தீர்கள்?

செராய்_நைட்ஷிப்ட்

கெடு வைக்கவில்லை அங்கிள்.

ரிட்டயர்_மண்டோர்

அப்படியென்றால் அந்த ஹர்லி ரிட்டயர் ஆகும்வரை உனக்குத் தே தாரிக் கிடையாது. அவன் எப்போது போனாலும் அடுத்த நாளே நீதான் வாங்க வேண்டும். சீனப் பையன் கெட்டிக்காரன்.