பிரேசர் மலையில் மூன்று இரவு: பிள்ளைகளோடும் முழங்கால் வலியுள்ள அம்மாவோடும் போகலாமா?

ஈசூன்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வருகிற ஜூன் பள்ளி விடுமுறையில் நான்கு நாள், சிங்கப்பூரிலிருந்து சொந்தக் காரில், குளிரான மலையூர் ஒன்றுக்குப் போய்வரலாம் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. கேமரன் மலைக்கு ஏற்கெனவே இரண்டு முறை போய்விட்டோம். சென்ற முறை பிரிஞ்சாங்கில் ஒன்றரை மணி நேரம் காரிலேயே நகராமல் உட்கார்ந்திருந்தபோது, "இந்த நெரிசலைப் பார்க்கத் தேக்காவுக்கே போயிருக்கலாமே" என்று அம்மா சொன்னது இன்னும் காதில் ஒலிக்கிறது. ஆகவே இம்முறை, அதே மலேசியாவில் உள்ள பிரேசர் மலையை நினைத்திருக்கிறோம்.

மகனுக்கு 11 வயது, மகளுக்கு 8. வளைவான சாலை என்றால் மகளுக்கு வாந்தி வந்துவிடும். அம்மாவுக்கு 68 வயது. படியேற முடியாது என்றாலும் சமதரையில் அரை மணி நேரம் தாராளமாக நடப்பார். சுத்த சைவம். கடைகண்ணி எங்களுக்கு வேண்டாம். வெளியில் நடக்கவும் பார்க்கவும் அங்கே என்ன இருக்கிறது? அம்மாவை விடுதியில் உட்காரவைத்துவிட்டு நாங்கள் மட்டும் சுற்றும்படி ஆகிவிடுமோ என்பதுதான் என் உண்மையான கவலை.

குக்குறுவான்

ஐயா, உங்கள் அம்மாவுக்கு ஏற்ற மலை அதுதான் என்று தயங்காமல் சொல்வேன். பறவை பார்ப்பதற்காகப் பல ஆண்டுகளாக அங்கே போய்வருபவன் என்பதால் என் பேச்சில் கொஞ்சம் பாரபட்சம் இருக்கும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

நம் சிங்கப்பூரின் மிக உயரமான இடமான புக்கிட் தீமா உச்சியே 163 மீட்டர்தான். பிரேசர் மலையூர் ஏறத்தாழ 1,200 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் அரைப் பாகைக்குச் சற்றுக் கூடுதலாகக் குறையும் என்பதால், அடிவாரத்தைவிட ஏழு பாகை குளிர்ச்சி என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். அதிகாலையில் அம்மாவுக்குக் கம்பளிச் சட்டை கட்டாயம் வேண்டும்.

முதல் நாள் விடிவதற்குள், அதாவது ஆறரை மணி போல, குடும்பத்தோடு விடுதி வாசலில் எரியும் விளக்கின் அடியில் போய் நில்லுங்கள். இரவெல்லாம் அந்த வெளிச்சத்துக்கு வந்த விட்டில்கள் சுவரிலும் தரையிலும் அப்பிக்கிடக்கும். சில உள்ளங்கை அகலம் இருக்கும். வெளிச்சம் பரவியதும் அவற்றைத் தின்பதற்காகக் காட்டிலிருந்து பறவைகள் இறங்கும். நீண்ட வால் சிபியாக்கள் முதலில் வந்து கம்பிவேலியில் வரிசையாக உட்காரும். கன்னத்தில் வெள்ளி பூசியது போன்ற மெசியாக்கள் கூட்டமாக வந்து தரையிலேயே தத்தும். ஒரு முறை நான் காப்பிக் குவளையோடு படியில் உட்கார்ந்திருக்க, ஒரு மெசியா என் செருப்பின் அருகிலிருந்த விட்டிலைப் பிடித்து, இறக்கைகளைத் தரையில் அடித்து உதிர்த்துவிட்டு உடலை மட்டும் விழுங்கியது. உதிர்ந்த இறக்கை ஒன்று என் கால்விரலில் ஒட்டிக்கொண்டது. இதற்கு அம்மா ஒரு படிகூட ஏற வேண்டியதில்லை, ஒரு நாற்காலி போதும்.

அதன்பின் டெலிகாம் சுற்றுச்சாலையில் நடக்கலாம். அது தார்ச்சாலைதான், ஏற்ற இறக்கம் உண்டு, படிகள் இல்லை, வண்டிகளும் அரிது. அம்மா முடிந்த தூரம் நடக்கட்டும், பிறகு காரில் ஏற்றிக்கொள்ளுங்கள். பல இனப் பறவைகள் ஒரே கூட்டமாகச் சேர்ந்து இரை தேடிக்கொண்டு நகர்வதை இங்கே அடிக்கடி காணலாம்: பத்து நிமிடம் மரத்தில் ஒன்றுமே இருக்காது, திடீரென்று கிளையெல்லாம் அசையும், மூன்று நிமிடத்தில் மீண்டும் வெறுமையாகிவிடும். நான் பெயரைக் கடன் வாங்கியிருக்கும் குக்குறுவானின் ஓர் இனம் இங்கே உண்டு. அது கத்துவது சில்வண்டு இரைவது போலவே இருப்பதால் புதியவர்கள் அண்ணாந்து பார்ப்பதே இல்லை. இந்த மலையில் 250-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் பதிவாகியுள்ளன; 1988 முதல் பன்னாட்டுப் பறவை நோக்கும் போட்டியும் நடந்துவந்திருக்கிறது.

மகனுக்குக் காட்டுப் பாதை வேண்டுமென்றால் ஹெம்மண்ட் பாதையில் தொடங்குங்கள். கோல்ஃப் திடலின் ஓரமாக ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் போகும். அது முடிகிற இடத்துக்கு அருகிலேயே பிஷப் பாதை ஆரம்பமாகிறது. இந்தப் பெயரில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. லூயிஸ் ஜேம்ஸ் பிரேசர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இங்கே ஈயக்கனிமம் எடுத்து, கோவேறு கழுதைகளில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தவர், ஒருநாள் காணாமல் போய்விட்டார். அவரைத் தேடி மலையேறியவர் அப்போதைய சிங்கப்பூர் ஆயர் (பிஷப்) பெர்குசன் டேவி. ஆள் கிடைக்கவில்லை; ஆனால் ஓய்வூர் அமைக்க இது நல்ல இடம் என்று ஆயர் தெரிவித்தார். 1920-களின் தொடக்கத்தில் ஊர் உருவாகிவிட்டது.

பைன் மரப் பாதை மட்டும் வேண்டாம். ஒரு வழிக்கே ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர். கடைசிப் பகுதியில் கயிற்றைப் பிடித்து ஏற வேண்டியிருக்கும். எட்டு வயதுக் குழந்தைக்கு அது அடுக்காது. பெரியவர்கள் போவதானாலும் காவல் நிலையத்தில் பெயர் கொடுத்துவிட்டு, காலையிலேயே புறப்பட வேண்டும்.

இரண்டு பிள்ளைகளின் தாய், தெம்பனிஸ்

மேலே எழுதியிருக்கும் அண்ணன் பறவைகளை எண்ணிக்கொண்டிருக்கையில் நான் அட்டைகளை எண்ணியவள். எனவே இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

மழை பெய்த மறுநாள் பிஷப் பாதையில் போனோம். சின்னவளின் காலுறையில் ஒரு நூல் அளவே இருந்த அட்டை, வெளியே வருவதற்குள் திராட்சை அளவுக்கு உப்பிவிட்டது. வலி எதுவும் இல்லை, ஆனால் ரத்தம் சட்டென்று நிற்காது, அதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் அலறுவார்கள். முழங்கால் வரை இழுத்துக் கட்டும் துணிக்காலுறையை இங்கேயே வாங்கிக்கொண்டு போய்விடுங்கள். ஒட்டிவிட்டால் பிய்க்காமல் நகத்தால் ஓரத்தை நெம்பி எடுங்கள்.

பிள்ளைகள் அதிகம் மகிழ்ந்தது ஆலன்ஸ் வாட்டர் என்ற சிறு ஏரியில் மிதிபடகு ஓட்டியதிலும் குதிரைச் சவாரியிலும்தான். வில்வித்தையும் உண்டு. இவை எல்லாம் சேர்ந்தே ஒரு நாளுக்குள் முடிந்துவிடும். ஜெரியாவ் அருவிக்குக் குளிக்கும் எண்ணத்தோடு போகாதீர்கள். மேலே கோல்ஃப் திடல் அமைத்தபோது அடித்துவந்த மண்ணால் அதன் தடாகம் தூர்ந்துபோனது. அதனால் மூன்று இரவும் மலையிலேயே தங்குவது பிள்ளைகளுக்கு நீளம் என்பது என் கருத்து. இரண்டு இரவு மேலே, ஓர் இரவு கீழே கோல குபு பாருவில் தங்குங்கள். அங்கே சிலாங்கூர் ஆற்றில் ரப்பர் படகுச் சவாரி நடத்துகிறார்கள்; வயது வரம்பை முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

சாப்பாட்டைப் பற்றி அம்மாவுக்காகச் சொல்கிறேன்: மேலே உணவுக்கடைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, அவையும் சீக்கிரம் அடைத்துவிடும். சைவம் என்றால் பெரும்பாலும் வறுத்த சோறும் கீரையும்தான். நான் சிறு மின்குக்கர், அரிசி, பருப்பு, ஊறுகாய், புளிக்காய்ச்சல் எல்லாம் கொண்டுபோனேன். முதல் முறை தங்கிய விடுதியில் (பெயர் வேண்டாம்) சுடுநீர் இரண்டு நாளும் வரவில்லை, மாமியாருக்குக் குளிக்க அந்தக் குக்கரில்தான் தண்ணீர் சுடவைத்தேன்!

தானா ராத்தா பிரியன்

ஒரு மாற்றுக் கருத்து. கேமரன் மலையை நெரிசலுக்காக ஒதுக்கிவிடுவது அவசரம். வார நாளில் தானா ராத்தாவில் தங்கி, காலை ஏழு மணிக்கே பிரிஞ்சாங் மலை நோக்கிப் புறப்பட்டால் 2,000 மீட்டருக்கு மேலுள்ள பாசிக்காட்டைக் கூட்டமின்றிப் பார்க்கலாம். ஓயாமல் மேகம் படிவதால் மரங்கள் குட்டையாகி, கிளையெல்லாம் பாசி போர்த்தி நிற்கும். குடுவைச் செடிகளும் உண்டு. 11 வயதுப் பையனுக்குப் பறவையைவிட, பூச்சியைத் தின்னும் செடி பிடிக்கும். ஆனால் பாட்டியால் அந்தப் படிகளில் ஏற முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பழைய ஓட்டுநர்

சாலை விவரம் மட்டும் சொல்கிறேன். சிங்கப்பூரிலிருந்து ஏறத்தாழ 450 கிலோமீட்டர். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் கோலாலம்பூரைத் தாண்டிச் சென்று கோல குபு பாரு வழியாக ஏற வேண்டும். மலையில் பெட்ரோல் நிலையம் கிடையாது. கோல குபு பாருவிலேயே நிரப்பிவிடுங்கள். சிங்கப்பூர்ப் பதிவுள்ள நம் வண்டிகளுக்கு அங்கே ரான் 95 ரகப் பெட்ரோல் ஊற்றக்கூடாது, 97 மட்டுமே. வாகன நுழைவு அனுமதி வில்லை இல்லாத சிங்கப்பூர் வண்டிகளுக்கு 2025 ஜூலை 1 முதல் 300 ரிங்கிட் அபராதம் விதிக்கிறார்கள். உங்கள் அம்மா இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசி என்றால், பயணத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள் மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டையை நிரப்பியாக வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு அது தேவையில்லை.

கோல குபு பாருவுக்கு மேலே சிலாங்கூர் அணையின் ஏரியைத் தாண்டியதும் வளைவுகள் தொடங்கும். 1951 அக்டோபர் 6 அன்று பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஹென்றி கர்னி கம்யூனிஸ்ட் கெரில்லாக்களின் பதுங்கித் தாக்குதலில் கொல்லப்பட்டது இந்தச் சாலையில்தான். வளைவுகளைப் பார்த்தால் ஏன் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது விளங்கும். கேப் என்னும் இடத்திலிருந்து உச்சிக்கு எட்டு கிலோமீட்டர் போல. பழைய பாதை ஒரு வண்டி மட்டுமே போகும் அகலம். புதிய பாதை மண்சரிவால் மூடப்படும் காலங்களில் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் தனித்தனி நேரம் ஒதுக்குவார்கள். வாயிலில் உள்ள பலகையைப் படிக்காமல் ஏறாதீர்கள். மகளை முன் இருக்கைக்குப் பின்னால் நடுவில் உட்காரவைத்து, நேரே சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். கையில் கைப்பேசி கூடவே கூடாது.

ஈசூன்வாசி

அனைவருக்கும் மிக்க நன்றி. தெம்பனிஸ் சகோதரி சொன்னபடி இரண்டு இரவு மலையிலும் ஓர் இரவு கோல குபு பாருவிலும் என்று முடிவு செய்துவிட்டோம். விட்டில் கதையை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "ஆறரைக்கு என்னை எழுப்பு, அவர்கள் தூங்கினால் தூங்கட்டும்" என்கிறார். குக்குறுவான் ஐயாவிடம் ஒரே ஒரு கேள்வி: தொலைநோக்கி வாங்க வேண்டுமா?

குக்குறுவான்

விளக்கடிப் பறவைகளுக்குத் தேவையே இல்லை. சாலையில் நடக்கும்போது வேண்டுமானால் எட்டு மடங்கு பெருக்கம் உள்ள ஒன்றே குடும்பத்துக்குப் போதும். பத்து மடங்கு வாங்கினால் அம்மாவின் கையில் படம் ஆடும். இன்னொன்று, எட்டு மணிவாக்கில் பள்ளத்தாக்கிலிருந்து பெரிய ஊளைச் சத்தம் கேட்டால் மகளைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்; சியாமாங் என்னும் வாலில்லாக் குரங்குகள் தொண்டைப் பையை உப்பவைத்துக் கூவுவதுதான் அது.