கை மரத்துப் போகிறதா, மணிக்கட்டு வலிக்கிறதா? எந்தச் சிகிச்சை கைகொடுத்தது என்று சொல்லுங்கள்

நாள் முழுக்கத் தட்டச்சு செய்கிற வேலை எனக்கு. ராத்திரி நல்ல தூக்கத்தில் வலது கை மரத்துப்போய் எழுப்பிவிடும். எழுந்து உட்கார்ந்து உதறினால்தான் உணர்வு திரும்பும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரக்கும். சுண்டுவிரலுக்கு ஒன்றும் ஆகாது. இதைச் சொன்னதுமே மருத்துவர், "கார்பல் டனலாக இருக்கும்" என்றார். மணிக்கட்டின் உட்பக்கம் குறுகலான ஒரு வழி இருக்கிறதாம். அதற்குள் 9 தசைநாண்களும் மீடியன் நரம்பும் நெருக்கியடித்துப் போகின்றன. அங்கே வீக்கம் வந்தால் நரம்பு நசுங்குகிறது. சுண்டுவிரலுக்குப் போவது வேறு நரம்பு, அதனால் அது தப்பித்துக்கொள்கிறது.

தைராய்டும் சர்க்கரையும் பார்த்தார்கள், நரம்புக் கடத்தல் சோதனையும் செய்தார்கள். ஆரம்ப நிலைதான் என்பதால் ராத்திரியில் ஸ்பிளின்ட் மட்டும் போடச் சொன்னார்கள். உள்ளே தகடு வைத்து, மணிக்கட்டை மடங்காமல் நேராகப் பிடிப்பதாகப் பார்த்து வாங்குங்கள். வெறும் துணிப்பட்டை அந்த வேலையைச் செய்யாது. எனக்கு அதிலேயே தூக்கம் திரும்பிவிட்டது.

பதில்: என் அம்மாவுக்கு ஸ்பிளின்ட் போதவில்லை அக்கா. பகலிலும் மரப்பு விடவே இல்லை. ரவிக்கை ஊக்கு மாட்டக்கூட விரலில் பிடிமானம் இல்லை. கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் சதைமேடு வற்றிக் குழிந்திருந்தது. அதைப் பார்த்ததும், "இனிமேல் ஸ்டீராய்டு ஊசி போட்டுக் காத்திருக்க வேண்டாம், ஆபரேஷன்தான்" என்றார் மருத்துவர். கையை மட்டும் மரக்கவைத்து, அந்தக் குறுகலான வழிக்குக் கூரைபோல் இருந்து நரம்பை அழுத்தும் தசைநாரை வெட்டிவிட்டார்கள். அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டோம். ராத்திரி மரப்பு சீக்கிரமே போனது. ஆனால் உள்ளங்கையின் அடிப்பகுதியை ஊன்றினால் வலி மாதக்கணக்கில் இருந்தது. வற்றிய சதை முழுசாகத் திரும்பவில்லை. சதை இளைப்பது தெரிந்தால் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

பதில்: எனக்கு மரப்பே இல்லை, வலிதான். குழந்தை பிறந்த பிறகு கட்டைவிரல் பக்க மணிக்கட்டில் வந்தது. கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டி மடக்கி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்துப் பார்த்தார்கள். உயிர் போய்விட்டது! டீக்வெர்வெய்ன் என்று பெயர் சொன்னார்கள், கட்டைவிரலை அசைக்கும் தசைநாண்களின் உறை தடித்து வலிப்பதாம். கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் ஸ்பிளின்ட் கொடுத்தார்கள், அப்புறம் ஸ்டீராய்டு ஊசி ஒன்று போட்டார்கள். ஆனால் பிசியோதெரபிஸ்ட் காட்டிக்கொடுத்ததுதான் பெரிய உதவி. அக்குளில் கட்டைவிரலை விரித்துக் குழந்தையைத் தூக்காமல், பின்பக்கத்துக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்து அள்ளித் தூக்க வேண்டும். இப்போதும் அப்படித்தான் தூக்குகிறேன்.

பதில்: சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒரு விஷயம். எனக்கு டிரிக்கர் ஃபிங்கர். காலையில் மோதிர விரல் மடங்கியபடியே நின்றுவிடும். மறு கையால் நிமிர்த்தினால் 'டக்' என்று விடுபடும். ஸ்டீராய்டு ஊசியில் விரல் சரியானது. ஆனால் ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறும். மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் தினமும் பார்த்துக்கொண்டேன். நீங்களும் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.