அக்குளில் சிவந்து எரிகிறது, வீட்டு வைத்தியம் சொல்லுங்களேன்

வேலூர்வெயில்:
ஜவுளிக்கடையில் வேலை செய்கிறேன், காலை 9 மணியிலிருந்து இரவு 9 வரை நின்றபடிதான். கடையில் கொடுத்த பாலியஸ்டர் புடவை, ஜாக்கெட்தான் கட்ட வேண்டும். அக்னி நட்சத்திரம் தொடங்கியதிலிருந்து இரண்டு அக்குளும் சிவந்து, பொடிப்பொடியாகப் பொரிந்து, வியர்வை பட்டால் மிளகாய் தடவியது மாதிரி எரிகிறது. மேல் தட்டிலிருந்து சேலை எடுக்கக் கை தூக்கவே பயமாக இருக்கிறது. எலுமிச்சையும் சமையல் சோடாவும் குழைத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன், அன்று இரவு முழுக்கத் தூக்கமில்லை. என்ன செய்யலாம்?

செவிலி அக்கா:
அந்த எலுமிச்சை சோடாவை இனித் தொடாதேம்மா. நம் தோல் லேசான அமிலத் தன்மை உள்ளது, பிஹெச் (அமில அளவு, 7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 5ஐ ஒட்டி இருக்கும். எலுமிச்சை 2, சோடா 8க்கு மேல். ஏற்கெனவே புண்ணான இடத்தில் இரண்டையும் தேய்த்தால் எரியாமல் என்ன செய்யும்? ஒரு வாரத்துக்கு ரோல் ஆன், பவுடர், ஷேவிங் எல்லாவற்றையும் நிறுத்து. வெறும் தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடு. பழைய பருத்தித் துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து பத்து நிமிடம் வை, அப்புறம் நன்றாகக் காயவிட்டு கேலமைன் லோஷனை மெல்லிசாகத் தடவு. ஐஸ் கட்டியை நேராக வைக்காதே.

தையல்மெஷின்:
நான் ஜாக்கெட் தைக்கிறவள், அதனால் சொல்கிறேன். உங்கள் ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பி அக்குள் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். பக்கத் தையலும் கைத் தையலும் கூடுகிற முடிச்சு அங்கேதான் இருக்கும், ஓவர்லாக் நூல் சொரசொரவென்று நாள் முழுக்க அதே இடத்தில் உரசும். லைனிங்கும் பாலியஸ்டர் என்றால் பிரித்துவிட்டுப் பருத்தி வைக்கச் சொல்லுங்கள், அக்குளில் அரை இஞ்ச் தளர்த்தச் சொல்லுங்கள். மாற்று ஜாக்கெட் ஒன்று பையில் இருக்கட்டும், மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாற்றிக்கொள்ளலாம். துவைக்கும்போது இன்னொரு தடவை அலசுங்கள், சோப்பு தங்கினாலும் அரிக்கும்.

தோட்டக்காரன்:
சோற்றுக் கற்றாழை எனக்கு நன்றாகக் கேட்டது. மடலை வெட்டியதும் அப்படியே எடுத்துப் பூசக் கூடாது, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி நிறுத்தி வைத்தால் மஞ்சளாக ஒரு பால் வடியும், அதுதான் அரிக்கும். அது வடிந்த பிறகு சோற்றை மட்டும் எடுத்துக் கழுவி, முதலில் முழங்கை மடிப்பில் ஒரு துளி பூசி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் தோல் உலர்ந்து வெடித்திருந்தால் சரி, நசநசவென்று ஈரமாக இருக்கும்போது வேண்டாம்.

இன்னொன்று, ஓரம் வட்டமாகச் சிவந்து நடுவில் தெளிந்திருந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். எனக்கு அப்படி வந்தபோது மெடிக்கலில் கேட்டு ஒரு டியூப் வாங்கினேன், மூன்றே நாளில் அரிப்பு நின்றது, விட்டதும் நெஞ்சு வரைக்கும் பரவியது. அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்று தோல் டாக்டர் சொல்லித்தான் தெரியும். குணமாக இரண்டு மாதம் ஆனது. தயவுசெய்து அப்படி வாங்காதீர்கள்.

செவிலி அக்கா:
தம்பி சொன்னது ரொம்பச் சரி. சீழ், காய்ச்சல், கட்டி உடைந்து உடைந்து அதே இடத்தில் வருவது, இதெல்லாம் இருந்தால் வீட்டில் வைத்துப் பார்க்காதே. அக்குள் மடிப்பு கருத்து வெல்வெட் மாதிரித் தடித்தால் சர்க்கரையும் ஒரு தடவை பார்த்துவிடு.

வேலூர்வெயில்:
எட்டு நாள் ஆகிறது. ஜாக்கெட் லைனிங்கை மாற்றிவிட்டேன், முடிச்சு தையல்மெஷின் சொன்ன அதே இடத்தில்தான் இருந்தது. இடது பக்கம் சிவப்பு போய்விட்டது, கை தூக்க முடிகிறது. வலது பக்கம் மட்டும் எட்டணா அளவுக்கு ஒரு வட்டம் நிற்கிறது. அதில் எதுவும் பூசவில்லை, வியாழக்கிழமை லீவு சொல்லியிருக்கிறேன், பெரியாஸ்பத்திரி தோல் பிரிவுக்குப் போகிறேன்.