எண்ணெய்ப் புகையா, ஆவியா, துவலையா? டர்போ டீசலுக்குச் சில சொற்கள்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

எஞ்சினுக்குள் போகும் காற்றை அழுத்தித் தரும் சுழலிதான் டர்போ. டர்போ டீசல் எஞ்சினின் காற்றுக் குழாய்க்குள் வந்து படிகிற எண்ணெய்க்குத் தமிழில் என்ன பெயர் என்று நம் கலைச்சொல் குழுவில் தொடங்கிய உரையாடல் இழையை நேற்று இரவு ஒரே மூச்சில் படித்தேன். கோவை ஐயா ‘எண்ணெய்ப் புகை’ என்கிறார். புதுச்சேரி அம்மையார் ‘எண்ணெய் ஆவி’ என்று திருத்துகிறார். இரண்டுமே கூடாது என்பது என் கருத்து. வேலூரில் பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிப் பட்டறை வைத்திருக்கிறேன். வேலை கற்க வரும் பையன்களுக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதி வருகிறேன். இந்தச் சொல் வரும் பக்கம் மட்டும் இரண்டு மாதமாக முடியாமல் கிடக்கிறது.

ஒரு வண்டியின் கதையைச் சொல்ல வேண்டும். குடியாத்தம் பக்கமிருந்து ஒரு பால் வண்டி வந்தது. அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றினால் உள்ளே எண்ணெய் வழிகிறது. வேறொரு பட்டறையில் எழுதித் தந்த சீட்டு வண்டிக்காரரிடம் இருந்தது: ‘ஆயில் புகை, டர்போ மாற்ற வேண்டும்.’ மாற்றியும் இருந்தார்கள். கடன் வாங்கிப் போட்ட டர்போ. மூன்று மாதத்தில் மறுபடியும் அதே எண்ணெய். எஞ்சினை ஓடவிட்டு எண்ணெய் ஊற்றும் மூடியைத் தளர்த்தினேன். உள்ளே நின்ற அழுத்தம் உஸ்ஸென்று சீறியது. எஞ்சினின் அடியறையில் சேரும் வாயுவை வெளியே விடும் பிரீதருக்குள் இருந்த வடிகட்டி அடைத்துக் கிடந்தது. டர்போவுக்குப் போன எண்ணெய் தன் எடையால்தான், எஞ்சினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்புக்கு இறங்கி வருகிறது. சம்ப்பின் மேல் அழுத்தம் நின்றுவிட்டால் இறங்க முடியாமல், டர்போவின் சீலைத் தாண்டிக் காற்றுப் பக்கம் ஏறிவிடும். எத்தனை புது டர்போ வைத்தாலும் ஏறத்தான் செய்யும். வடிகட்டியை மாற்றினேன், நின்றது. டர்போவுக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான்.

அந்தச் சீட்டை எழுதியவர் வேலை தெரியாதவர் அல்லர். ‘புகை’ என்று எழுதியதும் அந்தச் சொல்லே அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. நெருப்பில்லாமல் புகையாது என்று வளர்ந்தவர்கள் நாம். புகை என்றால் எங்கோ எரிந்திருக்கிறது, எதுவோ கெட்டிருக்கிறது என்றுதான் மனம் தேடும். இங்கே எண்ணெய் எரியவில்லை. சிதறிக் காற்றில் மிதக்கிறது.

எப்படி மிதக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட காற்றும் எரிந்த வாயுவும் பிஸ்டன் ரிங்குகளின் இடுக்கு வழியாகக் கொஞ்சம் கீழே நழுவும். புது எஞ்சினிலும் இது உண்டு. ரிங் தேயத் தேய அதிகமாகும். பட்டறைகளில் இதற்குப் ‘பேக் கம்ப்ரஷன்’ என்று பெயர். கீழே பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் வேகத்தில் எண்ணெய் சிதறிக்கொண்டே இருக்கிறது. நழுவி வந்த வாயு அந்தச் சிதறலில் மிக நுண்ணியவற்றைச் சுமந்துகொண்டு பிரீதர் வழியாக வெளியேறுகிறது. பழைய லாரிகளில் அது ஒரு குழாய் வழியாகச் சாலையில் சொட்டியது. இப்போதைய வண்டிகளில் டர்போவுக்கு முன்னால் காற்றுப் பாதையிலேயே சேர்த்துவிடுகிறார்கள். சாலைக்கு நல்லது, எஞ்சினுக்கு அது தனிப் பாடு. டர்போவில் காற்றை அழுத்தும் பகுதியான கம்ப்ரஸரில் அழுத்தம் ஏறும்போது காற்றின் வெப்பம் 150 டிகிரி செல்சியஸையும் தாண்டக்கூடும். அங்கே படிந்த எண்ணெய் கருகி ஒட்டுகிறது. மீதி இன்டர்கூலரின் அடியில் தேங்குகிறது. எரிந்த வாயுவில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்கே அனுப்பும் இ.ஜி.ஆர். வழியாகத் திரும்பி வரும் கரியோடு கலந்தால், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் மேனிஃபோல்டின் உள்வாய் தார் பூசியதுபோல் சுருங்கிவிடும். விரலை விட்டால் நகக்கண் வரை கறுப்பாகும், சோப்புக்குப் போகாது.

‘ஆவி’ என்ற சொல்லுக்கு வருகிறேன். அம்மையார் அறிவியல் தெரிந்தே சொல்கிறார்; எண்ணெயில் ஒரு பகுதி உண்மையிலேயே ஆவியாகத்தான் வருகிறது. ஆனால் இட்லிப் பானையை நினைத்துப் பாருங்கள். ஆவி துணிக்குள் தாராளமாக நுழைந்து போவதால்தான் மாவு வேகிறது. ஆவியைத் துணியால் வடிகட்ட முடியாது; குளிர்ந்த மூடியில் பட்டுத் துளியான பிறகுதான் கைக்கு அகப்படும். துளியோ இழையில் சிக்கும். பிரீதர் வாயில் ஒரு கைப்பிடி வெள்ளைப் பனியன் வேஸ்ட்டை ஐந்து நிமிடம் காட்டிவிட்டுப் பாருங்கள்; நடுவில் மஞ்சளாக ஒரு வட்டம் விழுந்திருக்கும். இழையில் சிக்கியதால் விழுந்த வட்டம் அது. ‘எண்ணெய் ஆவி’ என்று படித்த பையன், வடிகட்டி எதற்கு, எப்படியும் போய்விடுமே என்று நினைத்தால் தவறு அவனுடையது ஆகாது.

ஆகவே என் முன்மொழிவு: ‘எண்ணெய்த்துவலை’. துவலை என்பது நுண்துளி, காற்றோடு வரும் தூவல். சங்கப் பாடல்களிலேயே இருக்கிற சொல். எங்கள் பக்கத்தில் பேச்சில் அது இல்லை, ‘தூவானம்’தான் இருக்கிறது. மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பதை எல்லோரும் அறிவார்கள். அதனால் முதலில் ‘எண்ணெய்த் தூவானம்’ என்றுதான் எழுதிப் பார்த்தேன். கூட்டுச்சொல் ஆக்கும்போது அது நீண்டுகொண்டே போகிறது, மழையையும் விட்டு விலக மறுக்கிறது. துவலை சின்னச் சொல், எதோடும் ஒட்டும். தூவானத்தைச் சொல்லிப் புரியவைத்துவிட்டுத் துவலை என்று எழுதினால் பையன்கள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். முன்னொட்டாக, லூப்ரிகண்டுக்கு மசகா, உயவா என்ற வழக்கு இங்கே வேண்டாம், எண்ணெய் போதும். மசகு என்றால் என் அப்பா மாட்டுவண்டி அச்சில் தடவிய கறுப்புக் களிம்புதான் எனக்கு நினைவு வருகிறது. அது சிதறவும் சிதறாது.

அடுத்தது, இந்தத் துவலையைப் பிரித்தெடுக்கும் கருவியின் பெயர். ‘எண்ணெய்ப் பிடிப்பான்’ என்று மூன்று பேர் ஆதரித்திருக்கிறீர்கள். பிடித்து வைத்துக்கொள்வது பாதி வேலைதான். துவலையில் பெரிய துளிகள் வளைவில் சுவரில் மோதி நின்றுவிடும். அதற்கு வெறும் தடுப்புத் தகடு போதும். ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ளவை காற்றோடு காற்றாக வளைந்து தப்பிவிடும். அவற்றை நுண்ணிழைப் பஞ்சால் பிடிக்க வேண்டும், அல்லது வேகமாகச் சுழற்றி வெளிப்பக்கம் ஒதுக்க வேண்டும். அப்படிச் சேர்ந்த எண்ணெய் சம்ப்புக்குத் திரும்ப வேண்டும். சோறு வடிக்கிறோம், தண்ணீர் வடிகிறது. ‘வடி’ என்ற ஒரே சொல்லில் பிரிப்பதும் இருக்கிறது, இறங்கி ஓடுவதும் இருக்கிறது. ‘துவலைவடி’ என்போம். கையால் திறந்து கொட்டவேண்டிய தனி டப்பாவுக்கு மட்டும் ‘வடிகலம்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தத் திரும்பும் வழியை நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. கடையில் வாங்கிய வடிகலத்தைக் கிடைத்த இடத்தில் முடுக்கிவிட்டு, கையால் கொட்டும் வேலை மிச்சமென்று அடிக்குழாயைச் சம்ப்போடு இணைக்கிறார்கள். வடிகட்டியின் தடையால் கலத்துக்குள் அழுத்தம் சம்ப்பைவிடக் குறைவாக இருக்கும். அந்த வேறுபாடு 20 மில்லிபார் என்றால், எண்ணெய் அடிக்குழாயில் சுமார் 23 சென்டிமீட்டர் மேலேறி நிற்கும். கலம் அதைவிடத் தாழ்வாக இருந்தால் வடிந்தது வடியாமல், சம்ப் எண்ணெயே கலத்துக்குள் ஏறி, அங்கிருந்து நேராக டர்போவுக்குப் போகும். குழாயின் கீழ்முனை எண்ணெய் மட்டத்துக்குள் மூழ்கியிருக்க வேண்டும், அல்லது ஒருவழி வால்வு வேண்டும். (வால்வுக்கு ‘ஓரதர்’ என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்குப் பிடித்திருக்கிறது.)

இதைக் கவனிக்காவிட்டால் எஞ்சின் தன் எண்ணெயையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு ஓடத் தொடங்கிவிடும். சாவியை அணைத்தாலும் நிற்காது. காற்றை அடைத்தால்தான் நிற்கும். இதற்குத் ‘தறிகெட்ட ஓட்டம்’ என்பதைத் தவிர வேறு சொல் தேட வேண்டியதில்லை. கட்டுத்தறியைப் பிடுங்கிக்கொண்டு ஓடும் மாட்டைப் பார்த்த ஊர் இது.

கிராங்குக்கு ‘வணரி’, அது சுழலும் அறையான கிராங்க்கேஸுக்கு ‘வணரியறை’ என்று முன்பே முடிவானதை ஏற்கிறேன். பிரீதர் குழாய்க்கு மட்டும் ‘சுவாசக் குழாய்’ வேண்டாம், அது மருத்துவமனைக்குரியது. ‘மூச்சுக்கால்’ எனலாம். பாலாற்று மணலைத் தோண்டி ஊற்றுநீரை வயலுக்குக் கொண்டுவந்த வாய்க்காலுக்கு எங்கள் வட ஆர்க்காட்டில் ஊற்றுக்கால் என்று பெயர். கால் என்றால் வழி. பழந்தமிழில் காற்றுக்கும் கால் என்றே பெயர், காலதர் என்று சாளரத்தைச் சொன்னதும் அதனால்தான். காற்று போகும் வழிக்கு இதைவிடப் பொருந்திய சொல் எனக்குத் தெரியவில்லை.

எனக்கு இன்னும் தெளியாதது ஒன்றுதான். ரிங்கைத் தாண்டி இறங்கும் வாயுவுக்குக் ‘கசிவளி’ என்று எழுதியிருக்கிறீர்கள். கசிவது பானை, கசிவது மண்சுவர். மெல்ல ஊறி வருவது கசிவு. அத்தனை அழுத்தத்தில் இடுக்கைக் கண்டு பாய்வதற்கு ‘நழுவுவளி’ என்று எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு வகரம் அடுத்தடுத்து வருவது வாய்க்குத் தடுக்குகிறது. ‘நழுவளி’ என்று சுருக்கினால் வினைத்தொகை கெடுகிறதா என்று இலக்கணம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதினால் அந்தப் பக்கத்தை அச்சுக்குக் கொடுத்துவிடுவேன்.

அன்புடன்,
வேலூரிலிருந்து