டிஷ்யூவும் பேப்பர்தானே, ஃப்ளஷ் பண்ணா கரையாதா?

பஞ்சுத்துகள்:
மூக்கு சிந்துற டிஷ்யூவை டாய்லெட்ல போடலாமா? டாய்லெட் பேப்பரை விட மெல்லிசாத்தான் இருக்கு, அது கரையும்போது இது ஏன் கரையாது? கரையாதுன்னே வச்சுக்குவோம். அப்புறம் பாக்கெட்ல மறந்த ஒரே ஒரு டிஷ்யூ வாஷிங் மெஷின்ல மட்டும் எப்படிப் பொடிப்பொடியாகி எல்லாத் துணியிலயும் ஒட்டுது?

மரக்கூழ்:
போடாதீங்க. ரெண்டுமே மரக்கூழ்தான், ஆனா மெல்லிசுங்கிறது இங்க கணக்கே இல்லை. நாருக்கும் நாருக்கும் நடுவுல இருக்கற இயல்பான பிணைப்பு தண்ணி பட்டா விட்டுடும். டாய்லெட் பேப்பரை அப்படியே விட்டுடறாங்க. முகத்துக்கான டிஷ்யூல ஈரத்தைத் தாங்கற ஒரு பிசின் சேர்க்கறாங்க. காயவைக்கிற சூட்டுல அது இறுகி நாரைப் பிடிச்சுக்கும். இல்லைன்னா முதல் தும்மலுக்கே கை நனைஞ்சிடும்.

நேர்ல பார்க்கணும்னா மூடி போட்ட ரெண்டு பாட்டில்ல பாதி தண்ணி ஊத்தி, ஒண்ணுல டாய்லெட் பேப்பர், இன்னொண்ணுல டிஷ்யூ போட்டு ஒரு நிமிஷம் குலுக்குங்க. முதல்ல இருக்கறது கஞ்சி மாதிரி ஆயிடும். டிஷ்யூவை விரலால எடுத்து, கசங்கின கைக்குட்டை மாதிரி விரிச்சே வைக்கலாம்.

மெஷின் கதை வேற. பிசின் ஊறலைத் தாங்கும், உரசலைத் தாங்காது. முக்கால் மணி நேரம் துணிகளோட புரண்டா நார் நாரா பிஞ்சுடும். குழாய்ல அந்த உரசல் கிடையாது.

அடைப்பு_நீக்கி:
ஒண்ணு ரெண்டு போனா பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது, அதுதான் வில்லங்கமே. குழாய் வளைவுலயோ, உள்ள சொரசொரப்பா இருக்கற இணைப்புலயோ ஒண்ணு மாட்டும். அதுல முடி சிக்கும், மேல அடுத்தது வந்து உட்காரும். கிச்சன் டவல் இதை விட மோசம், ஈர வைப்ஸ் எல்லாத்தையும் விட மோசம். பக்கத்துல மூடியோட ஒரு குப்பைக்கூடை வைங்க, வேலை முடிஞ்சுது.

ஏற்கெனவே அடைச்சிருந்தா திரும்பத் திரும்ப ஃப்ளஷ் பண்ணாதீங்க, பொங்கி வெளியே வரும். பிளஞ்சரோட ரப்பர் முழுக்கத் தண்ணியில மூழ்கணும். பத்துப் பதினைஞ்சு தடவை அழுத்தி இழுங்க. தள்றதை விட இழுக்கறதுதான் சிக்கினதை அசைக்கும். அடைப்பு நீக்கற காஸ்டிக் சோடாவை நம்பாதீங்க. கொழுப்பையும் முடியையும் அது தின்னும், காகித நார் அதுக்கு லேசில மசியாது.

சலவைக்குறிப்பு:
துகள் ஒட்டின துணியை ஈரத்தோட தேய்க்காதீங்க, இன்னும் உள்ள இறங்கும். அதே துணியை அப்படியே மறுபடி துவைக்கறதும் வீண். நல்லா காயவிட்டு வெளியே கொண்டுபோய் உதறுங்க, பாதிக்கு மேல உதிர்ந்துடும். மிச்சத்துக்கு அகல டேப்பை ஒட்டி ஒட்டி எடுங்க. டிரம்மை ஈரத்துணியால துடைச்சு, துணி போடாம ஒரு தடவை அலசல் ஓட்டுங்க. துகள் பில்டரைக் கழுவ மறந்தா அடுத்த துவையலுக்கும் இதே கூத்துதான்.

பஞ்சுத்துகள்:
புரிஞ்சுது, நன்றி. மூக்குக் கண்ணாடியைத் துடைக்கலாமா?

மரக்கூழ்:
வேண்டாம். லென்ஸ்ல இருக்கற தூசியைக் காஞ்ச டிஷ்யூ இழுத்துட்டே போனா மேல்பூச்சுல கீறல் விழும். லோஷன் தடவின வகைன்னா எண்ணெய்ப் படலம் வேற. தண்ணியில அலசி மைக்ரோஃபைபர் துணியால ஒத்தி எடுங்க. மூக்குக்கும் அதேதான்: தேய்க்காம ஒத்துங்க, தோல் சிவக்காது.