கொலராடோவின் கோஸ்டில்லா கவுண்டியில் நிலம் வாங்கிக் குடியேறலாமா?

டென்வர்வாசி:
நானும் மனைவியும் டென்வரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். சிறு வீடு, காய்கறித் தோட்டம், நாலைந்து ஆடுகள் என்று வாழ ஆசை. கோஸ்டில்லா கவுண்டியில் ஐந்து ஏக்கர் மனை சில ஆயிரம் டாலருக்கே விற்பனைக்கு வருகிறது. எதிரே சாங்ரே டி கிரிஸ்டோ மலை. வெயிலுக்குக் குறைவில்லை என்பதால் சோலார் மின்சாரமும் கிடைத்துவிடும். கிணறு தோண்டிக்கொள்ளலாம் என்கிறார் விற்பவர். அந்தப் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

மலையடிவாரம்:
தம்பி, நான் அலமோசாவில் வேலை பார்க்கிறேன். சான் லூயிஸ் ஊருக்குப் பக்கத்தில் வாய்க்கால் பாசனத்தில் கொஞ்சம் பயிரும் செய்கிறேன். நிலத்தின் விலையைப் பிறகு பார்க்கலாம், முதலில் தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள். அந்த மனைகள் அவ்வளவு மலிவாகக் கிடைப்பதற்குக் காரணமே தண்ணீர்தான். 1970களில் வறண்ட மேட்டுநிலத்தைக் கூறுபோட்டு விற்ற மனைகள் இன்றும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன.

அலமோசாவில் பனியையும் சேர்த்து ஆண்டு மழை ஏழு அங்குலத்தைச் சற்றே தாண்டும். கிணறு தோண்ட மாநில நீர்வளத் துறையின் அனுமதி வேண்டும். 35 ஏக்கருக்குக் குறைவான மனைக்குப் பெரும்பாலும் வீட்டுக்குள் மட்டும் பயன்படுத்தும் அனுமதிதான் தருகிறார்கள். குடிக்கலாம், சமைக்கலாம், குளிக்கலாம். அதே தண்ணீரை ஒரு கத்தரிச் செடிக்கோ ஆட்டுத் தொட்டிக்கோ ஊற்றக் கூடாது. மழைநீரைப் பிடிக்கலாம் என்றாலும், 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு பீப்பாய், மொத்தம் 110 கேலன்தான். நீங்கள் விரும்பும் தோட்டமும் ஆடும் இதில் எங்கே நிற்கும்?

ஆனால் இதே கவுண்டியில் தண்ணீர் ஓடும் நிலமும் இருக்கிறது. அதை நீங்கள் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன். 1851இல் சான் லூயிஸில் குடியேறிய நியூ மெக்சிகோ குடும்பங்கள் மறு ஆண்டே குலெப்ரா ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டினார்கள். 1852ஆம் ஆண்டின் அந்த ‘மக்கள் வாய்க்கால்’ உரிமைதான் கொலராடோவில் இன்றும் பயன்பாட்டில் உள்ள மிகப் பழைய நீர் உரிமை. முதலில் எடுத்தவருக்கே முதல் உரிமை என்பது இங்கே சட்டம். வறண்ட ஆண்டில் பின்னால் வந்தவர் மடையை அடைக்க வேண்டியதுதான். இப்படிப்பட்ட வாய்க்கால்களை ‘அசேக்கியா’ என்கிறார்கள். வசந்தம் வந்ததும் பங்குதாரர்கள் மண்வெட்டியோடு கூடித் தூர்வாருகிறார்கள். நீர் பங்கிட ‘மயோர்டோமோ’ ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். குடிமராமத்தும் நீர்ப்பாய்ச்சியும் இருந்த ஊரில் பிறந்தவள் நான். முதல் முறை அந்தக் கூட்டத்தைப் பார்த்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அந்த நிலம் அரிதாகத்தான் விற்பனைக்கு வரும், விலையும் அதிகம். இருந்தாலும் மேட்டில் ஐந்து ஏக்கர் வாங்குவதைவிட, வாய்க்கால் பங்குள்ள ஒரு ஏக்கர் வாங்குவதே மேல்.

கார்லண்ட்சாலை:
மேட்டில் இருப்பவர்களில் பலர் தண்ணீரை வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோகிறார்கள். 275 கேலன் தொட்டி நிரம்பினால் எடை ஒரு டன்னைத் தாண்டும். சாதாரண பிக்கப் வண்டி அதைத் தாங்காது. பனி உருகும் பருவத்தில் அந்த மண் சாலைகள் சேறாகிவிடும். கழிவுநீர்த் தொட்டிக்குக் கவுண்டி அனுமதி வாங்காமல் அங்கே நிலையாகக் குடியிருக்கவும் முடியாது. மனை விலையைவிட இதற்குச் செலவு அதிகமாகலாம். சான் லூயிஸிலிருந்து அலமோசா மருத்துவமனைக்கு நாற்பது மைலுக்கு மேல். வயதான பெற்றோரை அழைத்து வருவதாக இருந்தால் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டென்வர்வாசி:
அக்கா, வாய்க்கால் நிலம் வாங்கினால் என்ன விளையும்? தண்ணீர்ப் பங்கு நிலத்தோடு தானாக வந்துவிடுமா?

மலையடிவாரம்:
தானாக வரும் என்று நம்பி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். கொலராடோவில் நீர் உரிமையை நிலத்திலிருந்து பிரித்துத் தனியாக விற்க முடியும். பத்திரத்தில் பங்கு எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்; அந்த அசேக்கியா சங்கத்திடமும் நேரில் கேளுங்கள். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி, பங்கு விற்பனைக்கு வந்தால் தானே முதலில் வாங்கும் உரிமையைச் சங்கம் தன் விதிகளில் வைத்துக்கொள்ளலாம். நீர் ஊரைவிட்டுப் போகாமல் காக்கும் விதி அது. எனக்கு அதில் முழுச் சம்மதம்.

விளைச்சல் என்றால், ஏறத்தாழ எட்டாயிரம் அடி உயரம் இது. உறைபனி இல்லாத நாட்கள் மூன்று மாதத்துக்குத்தான் எதிர்பார்க்கலாம். உருளைக்கிழங்கு, பார்லி, பட்டாணி, பொலிட்டா என்னும் இவ்வூர் அவரை ஆகியவை நன்றாக வரும். தக்காளியும் கத்தரியும் பசுமைக்குடிலுக்குள்தான். கோடையில் மலை அழகாகத்தான் இருக்கும். நீங்கள் மார்ச் கடைசியில் வாருங்கள். காற்றும் சேறும் இருக்கும், தூர்வாரும் வேலையும் அதை ஒட்டித் தொடங்கிவிடும். மண்வெட்டி என்னிடம் இருக்கிறது, உங்கள் மனைவியையும் அழைத்து வாருங்கள்.