லிட்டர் கணக்கு நோட்டில் இருந்தது, ரீகால் கடிதம் முதல் ஓனர் வீட்டில் இருந்தது

பதினான்கு வயதான சின்ன ஹேட்ச்பேக், பெட்ரோல். நான் இரண்டாவது ஓனர். வாங்கிய நாளிலிருந்து டாஷ்போர்டு பெட்டியில் ஒரு நோட்டு கிடக்கிறது. பம்ப் தானாக ‘டக்’கென்று நிற்கும்வரை டேங்கை நிரப்பி ஓடோமீட்டரைக் குறித்துக்கொள்வேன். அடுத்த முறையும் அதே மாதிரி நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைப் போட்ட லிட்டரால் வகுப்பேன். ஒரு டேங்க் கணக்கை நம்ப முடியாது. மூன்று நான்கு சேர்த்துப் பார்த்தால்தான் வண்டியின் குணம் தெரியும்.

முதல் வருடம் லிட்டருக்கு 15 கிலோமீட்டருக்குக் குறையாமல் கொடுத்த வண்டி, மெல்ல மெல்ல 12-க்கு இறங்கியது. ஏர் ஃபில்டர் மாற்றினேன், ஒரு மாற்றமும் இல்லை. (கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் அந்த வைத்தியம் மைலேஜில் தெரிந்திருக்கும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் காற்று குறைந்தால் கம்ப்யூட்டரே பெட்ரோலையும் குறைத்துவிடும், இழுவைதான் அடிபடும்.) பிளக் மாற்றினேன், அதுவும் வீண். அப்புறம் ஒரு நாள் நெடுஞ்சாலையில்தான் கவனித்தேன்: டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வரவே இல்லை. நெரிசலில் நின்றால் ஏறுகிறது, ஓட ஆரம்பித்தால் சரிகிறது. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் கதவு, அதாவது தெர்மோஸ்டாட், திறந்தபடியே சிக்கியிருந்தது. கூலன்ட் 80, 90 டிகிரியை நெருங்கிய பிறகு திறக்கவேண்டிய கதவு எந்நேரமும் திறந்தே கிடந்தால் இன்ஜின் எப்படிச் சூடாகும்? இன்னும் குளிர் விடவில்லை என்று கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. கைக்குள் அடங்குகிற பாகம். மாற்றிய பின் மூன்றாவது டேங்கில் 14.6.

அந்தத் தெர்மோஸ்டாட் வாங்கப் போன இடத்தில்தான் விஷயமே. சரியான பாகமா என்று பார்க்க வண்டியின் 17 இலக்க சேசிஸ் நம்பரைக் கேட்டார்கள். கம்ப்யூட்டரில் தட்டியவர், “சார், உங்க வண்டிக்கு ஒரு ரீகால் பாக்கி இருக்கே, டிரைவர் பக்க ஏர்பேக்” என்றார். குறையுள்ள பாகத்தை மாற்றித்தர வண்டியைத் தயாரிப்பாளரே திரும்ப அழைப்பதுதான் ரீகால். மூன்று வருடமாகப் பாக்கி! கடிதம் முதல் ஓனரின் பழைய முகவரிக்குப் போயிருக்கிறது.

ஏர்பேக்கை ஊதவைக்கிற இன்ஃப்ளேட்டருக்குள் அமோனியம் நைட்ரேட் வில்லைகள். வருடக்கணக்கில் வெயிலும் ஈரப்பதமும் மாறி மாறிப் பட்டால் அவை பாழாகி, எரியவேண்டிய வேகத்தைவிட வேகமாக எரியும். அப்போது வெளியே இருக்கும் உலோகக் கூடே வெடித்து, சில்லுகள் முகத்தை நோக்கி வரும். காப்பாற்ற வைத்தது குத்துகிறது. இதில் வயது ஏற ஏறத்தான் ஆபத்தும் ஏறும். ‘பழைய வண்டிதானே’ என்று விடவேண்டிய சமாசாரம் இல்லை.

வேலை ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் சும்மா நின்றார்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கவேண்டுமாம். பிறகு ஸ்டியரிங் நடுவிலிருந்து வட்டமான ஒரு டப்பா வெளியே வந்தது. மூன்று வருடம் அதற்கு எதிரே உட்கார்ந்து மைலேஜ் கணக்கு போட்டிருக்கிறேன். கட்டணம் எதுவும் இல்லை.

*

நீங்கள் எழுதிய மைலேஜ் நோட்டைப் படித்ததும், இன்னொரு கார்க்காரனான எனக்கு என் செலவு நோட்டு ஞாபகம் வந்தது. அதில் பெரிய தொகை பெட்ரோல் இல்லை, டைமிங் பெல்ட்: இன்ஜினில் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் ரப்பர் பட்டை. கையேட்டில் ‘இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை வருடம், எது முதலில் வருகிறதோ’ என்று இருந்தது. நான் கிலோமீட்டரை மட்டும் பார்த்தேன். வண்டி ஓடவில்லை என்றாலும் ரப்பர் கிழடாகும். காலை நேரம், சிக்னலில் பெல்ட் அறுந்து, ஒரு சத்தமும் இல்லாமல் வண்டி அணைந்தது. ஸ்டார்ட்டர் சுற்றியது, வழக்கத்தைவிட லேசாக. வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளைந்திருந்தன. இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டை இறக்கிச் செய்த செலவில் அந்த வண்டியில் பாதி வாங்கியிருக்கலாம். பெல்ட் மாற்றும்போது வாட்டர் பம்பையும், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். பாகத்தைவிடப் பிரித்துப் பூட்டும் கூலிதான் அதிகம், அதை ஏன் இரண்டு தடவை கொடுப்பானேன்?

*

மூன்றாவது ஆளாக நானும் சொல்கிறேன்: மைலேஜ் குறைந்தால் இன்னொன்றும் பாருங்கள். சற்று தூரம் ஓட்டிவிட்டு நாலு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டு போங்கள், தொடவேண்டாம். எனக்கு இடது முன் சக்கரம் மட்டும் அடுப்பு மாதிரி அடித்தது. பிரேக் பேடை அழுத்தும் காலிப்பரின் பின் (pin) துருப்பிடித்து, பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

*

நீங்கள் மூன்று பேர் எழுதியதையும் படித்துவிட்டு, என் வண்டியின் முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் சேசிஸ் நம்பரைக் குனிந்து எழுதிக்கொண்டு, தயாரிப்பாளரின் தளத்தில் போட்டுப் பார்த்தேன். 2010 மாடல். இரண்டு ரீகால். ஒன்று பழைய ஓனரே முடித்திருக்கிறார். இன்னொன்று பயணி பக்க ஏர்பேக், பாகத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அது வரும்வரை அந்த சீட்டில் யாரையும் உட்காரவைக்க வேண்டாம் என்றார்கள். அப்பாவைப் பின்னால் அனுப்பியதுதான் பெரும்பாடு. இப்போது இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டி, “தேர்டு போடு, தேர்டு போடு” என்று அங்கிருந்தே ஓட்டிக்கொண்டு வருகிறார்.